இந்த மண்ணின் வண்டு

ஜன்னலைத் திறக்க வேண்டாம். புழுக்கமாக இருப்பது எனக்கும் தெரிகிறது. ஆனால் திறந்தால் வண்டு வரும். வந்தால் மேஜை, நாற்காலி, உங்கள் தேநீர்க் கோப்பை என்று எதையும் விட்டுவைக்காது. கை பட்டாலே மஞ்சளாக ஒரு நீர் விடும். அந்த வாடை எத்தனை முறை துவைத்தாலும் போகாது. உங்கள் காக்கிச் சட்டை புதிதாகத் தெரிகிறது. அதற்காகத்தான் சொல்கிறேன்.

கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிறேன். வரிசையாகச் சொன்னால் எழுதிக்கொள்ள உங்களுக்கும் வசதி. குறுக்கே மட்டும் பேசாதீர்கள், எனக்கு அது பழக்கமில்லை.

எங்கள் வீட்டை இங்கே எல்லோரும் வண்டு வீடு என்பார்கள். கேலியாக அல்ல. என் தாத்தா காலத்திலிருந்து பொறிவண்டு வளர்ப்பதுதான் எங்கள் தொழில். சிவப்பு முதுகு, ஏழு கறுப்புப் புள்ளி. பீன்ஸ் கொடியின் நுனியில் அசுவினி என்று ஒரு பூச்சி அப்பிக்கொண்டு சாற்றை உறிஞ்சும். அதைத் தின்று தீர்ப்பது இந்த வண்டின் வேலை. வண்டு இறங்கிய வயலில் பூச்சிமருந்துக்கு இடமில்லை. அட்டைப்பெட்டியில் நறுக்கிய வைக்கோல் போட்டு, அதில் வண்டை விட்டு, விதைப்பு முடிந்ததும் வயல்காரர்களுக்குக் கொடுப்போம். பெட்டி மூடியில் 'இந்த மண்ணின் வண்டு' என்று அச்சடித்திருக்கும். அந்த வார்த்தைகளைத் தேர்ந்தெடுத்தவர் என் அப்பா.

எங்கள் வீட்டுக்கு என்று சில வழக்கங்கள் உண்டு. முதல் பெட்டியை வீட்டுத் தலைவர்தான் வயலில் நின்று திறக்க வேண்டும். ஒரு வண்டைத் தன் விரலில் ஏற்றிக்கொள்ள வேண்டும். அது விரல் நுனிவரை நடந்து போய்ப் பறந்த பிறகுதான் மற்றவர்கள் பெட்டிகளைத் திறப்பார்கள். அதைப் பார்க்கவே ஆட்கள் வந்து வரப்பில் நிற்பார்கள்.

இன்னொரு வழக்கம் குளிர் அறைக்கு உரியது. பனிக்காலத்தில் பொறிவண்டு உறங்கும். அந்த உறக்கத்தைக் கொஞ்சம் நீட்டித்து வைக்கத்தான் வீட்டுக்குப் பின்னால் அந்த அறை. நீங்கள் பார்த்தீர்கள். தடித்த கதவு, வெளிப்பக்கம் இரும்புத் தாழ். என் சிறுவயதில் ஒரு வேலையாள் உள்ளே இருப்பது தெரியாமல் யாரோ கதவைச் சாத்திவிட்டார்கள். அவர் பிழைத்தார், விரல்கள்தான் பிழைக்கவில்லை. அன்று அப்பா ஒரு விதி வைத்தார். கதவைச் சாத்துகிறவர் யாராக இருந்தாலும், "உள்ளே யாரு?" என்று உரக்கக் குரல் கொடுக்க வேண்டும். நின்று கேட்க வேண்டும். அதன் பிறகே தாழ். அப்பாவே குரல் கொடுப்பார். காலி அறை என்று கண்ணால் பார்த்த பிறகும் கொடுப்பார்.

போன வருஷம் உள்பக்கக் கைப்பிடி உடைந்து கையோடு வந்துவிட்டது. என் மருமகள் மெக்கானிக்கை வரவழைத்தாள். நான் திருப்பி அனுப்பிவிட்டேன். குரல் கொடுக்கத் தெரிந்த வீட்டுக்குக் கைப்பிடி எதற்கு?

"விடும்மா," என்றாள் என் வீட்டுக்காரி அவளிடம். "கைப்பிடி போட்டா உங்க மாமாவோட தொண்டைக்கு வேலை இல்லாம போயிடும்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

மருமகளைப் பற்றித்தான் நீங்கள் கேட்டீர்கள். பூச்சிகளைப் பற்றிப் படித்தவள். என் மகன் தானே பார்த்து விரும்பிய பெண். முதல் தடவை வீட்டுக்கு வந்தபோது என் காலடியைப் பார்க்காமல் வளர்ப்பு அறையைப் பார்த்தாள். எனக்கு அது பிடித்திருந்தது. வண்டின் புழுவைத் தூரிகையால்தான் எடுக்க வேண்டும் என்று யாரும் அவளுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அவளைப் பற்றி ஒரு குறை சொல்லச் சொன்னால் என்னால் முடியாது. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இனி நடந்ததற்கு வருகிறேன்.

மூன்று கோடைக்கு முன்னால் அவளுடைய அம்மாவுக்கு உடம்புக்கு முடியவில்லை என்று மகனும் அவளும் போயிருந்தார்கள். அப்போது பார்த்து வெயில் கொளுத்தியது, மின்சாரமும் போனது. வளர்ப்பு அறையில் அசுவினிக்காக வைத்திருந்த செடிகள் எல்லாம் கருகின. தீனி தீர்ந்ததும் வண்டின் புழுக்கள் ஒன்றையொன்று தின்னத் தொடங்கின. பசி வந்தால் அவை அப்படித்தான். நான் தட்டுத் தட்டாகத் தனித்தனியே பிரித்துப் பார்த்தேன். ஈரத்துணி கட்டிப் பார்த்தேன். கடைசியில் தட்டுகளில் வெறும் தோல்தான் மிஞ்சியது.

எல்லா வயல்காரர்களுக்கும் வாக்குக் கொடுத்திருந்தேன். இந்த வருஷம் வண்டு இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று நினைக்கிறீர்கள். உங்கள் முகத்தில் தெரிகிறது. அந்த வார்த்தையை எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை. எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தேன். வாய் வரவில்லை.

பூச்சிமருந்து வியாபாரி ஒருவன் இருக்கிறான். எதற்கெடுத்தாலும் சிரிப்பதால் சிரிப்பு என்றே கூப்பிடுவோம். அவனிடம் வெளியிலிருந்து வந்த வண்டு இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். அவன் கடைப்படியை மிதிப்பேன் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை.

"அட, நீங்களா! வாங்கண்ணே," என்றான். "உங்க வீட்டு வண்டு என்னாச்சு, லீவு போட்டுடுச்சா?"

அவன் வண்டுப் பெட்டியைக் காட்டச் சொன்னேன்.

"ஒண்ணும் யோசிக்காதீங்க. இது நம்ம வண்டைவிடப் பெருசு, பசியும் பெருசு. எதைப் போட்டாலும் தின்னும். வண்டுன்னா வண்டுதானேண்ணே. யாரு அது முதுகுல ஏறி உக்காந்து புள்ளி எண்ணப் போறாங்க?"

நான் எண்ணினேன். ஆரஞ்சு நிற முதுகு. சிலவற்றுக்குப் புள்ளிகள் நெருக்கமாக, சிலவற்றுக்கு ஒன்றுமே இல்லை. கழுத்துப் பட்டையில் கறுப்பாக, கோணலாக ஒரு கோடு. சிவப்பாக இருந்தவற்றைப் பொறுக்கி மேலே வைத்து, நானே எங்கள் பெட்டிகளில் நிரப்பினேன். மூடியை மூடும்போது அச்சடித்த எழுத்துகள் கண்ணில் படாமல் பார்த்துக்கொண்டேன்.

பீன்ஸ்காரர் வயலில் முதல் பெட்டியைத் திறந்தேன். எல்லோரும் வரப்பில் நின்றார்கள். ஒன்றை விரலில் ஏற்றினேன். எங்கள் வண்டு கடித்து நான் பார்த்ததில்லை. இது நடந்தது, நின்றது, விரல் மடிப்பில் கடித்தது. விடாமல் கடித்தது. நான் கையை அசைக்கவில்லை. அது போதுமென்று பறக்கும்வரை அப்படியே நின்றேன். "பெரியவர் கை பட்டா அதுக்கே ஒரு நிதானம் வந்துடுதுப்பா," என்று பின்னால் யாரோ சொன்னது கேட்டது.

அந்த வருஷம் அசுவினியே இல்லை. இப்படி ஒரு வண்டு உங்கள் வீட்டிலிருந்து வந்ததே இல்லை என்று வீடு தேடி வந்து சொன்னார்கள். நான் அவர்களுக்குத் தேநீர் கொடுத்தேன்.

அசுவினி தீர்ந்த பிறகும் அந்த வண்டுக்குப் பசி தீரவில்லை. எங்கள் வண்டின் முட்டைகளைத் தின்றது. புழுக்களைத் தின்றது. அடுத்த கோடையில் மருமகள் ஓர் இலையைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். அதில் கறுப்பாக, முள் முள்ளாக, விலாவில் ஆரஞ்சுப் பட்டையோடு ஒரு புழு, எங்கள் வண்டின் குஞ்சு ஒன்றை வாயில் கவ்விக்கொண்டிருந்தது.

"வெளியிலேருந்து வந்தது மாமா. எப்படியோ வயல்ல இறங்கிடுச்சு," என்றாள். "நம்ம வண்டு பசியில இதோட முட்டையத் தின்னாலும் செத்துப் போகுது. இது ஒடம்புலயே ஒரு நோய வச்சிருக்கு. அதுக்கு ஒண்ணும் ஆகாது, நம்மளதுதான் தாங்காது."

எப்படியோ என்று அவள் சொன்னதைப் பிடித்துக்கொண்டேன். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு வெகுநாள் தூங்கினேன்.

அதன் பிறகு விடியற்காலையில் நடக்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு வயலுக்குப் போவேன். பையில் ஒரு பாட்டில், அதில் சோப்புத் தண்ணீர். செடி செடியாகக் குனிந்து ஆரஞ்சு வண்டுகளைப் பொறுக்கிப் போடுவேன். இந்த வயதில் முதுகு கேட்காது. பரவாயில்லை. ஒரு வரிசை முடித்துத் திரும்பினால் முடித்த வரிசையிலேயே புதிதாக ஊர்ந்துகொண்டிருக்கும். பனிக்காலத்தில் வயலை விட்டு வீட்டுக்குள் வந்தன. ஜன்னல் சட்டத்தில், திரைச்சீலை மடிப்பில், என் அப்பா படத்துக்குப் பின்னால் கொத்துக் கொத்தாக. தூசி உறிஞ்சும் இயந்திரத்தை வைத்து இழுப்பேன். காலையில் மறுபடி அங்கே இருக்கும். ஒருநாள் அப்பா படத்தைக் கழற்றிப் பின்பக்கத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். யாரும் பார்க்கவில்லை.

வயலில் பொறுக்குவதை மருமகள் ஒருநாள் பார்த்துவிட்டாள். மறுநாள் அவளும் ஒரு பாட்டிலோடு வந்து அடுத்த வரிசையில் குனிந்தாள். பிறகு தினமும் வந்தாள். வீட்டுக்குத் திரும்பும்போது, மாமாவும் நானும் நடந்துட்டு வர்றோம் என்று என் வீட்டுக்காரியிடம் அவளே சொல்வாள். எனக்கு மகள் இல்லை. இருந்திருந்தால் இப்படி இருந்திருப்பாளா என்று அப்போது நினைத்ததுண்டு.

திராட்சைத் தோட்டக்காரி வந்த நாளோடு அது கெட்டது. அவள் தனி ஆளாகத் தோட்டம் பார்ப்பவள். குலைக்குள் வண்டு புகுந்துகொண்டு, பழத்தோடு சேர்ந்து அரைபட்டு, சாறு முழுக்கக் கசந்துவிட்டது. ஒரு பாட்டிலை எடுத்துக்கொண்டு நேரே முற்றத்துக்கு வந்தாள். வேலையாட்கள் எல்லோரும் இருந்தார்கள்.

"பெரியவரே, இதக் கொஞ்சம் குடிச்சுப் பாருங்க. உங்க வண்டு பண்ணின வேலை."

டம்ளரில் ஊற்றி நீட்டினாள். வாங்கிக் குடித்தேன். பச்சைக் கடலைத் தோலை மென்றதுபோல் ஒரு கசப்பு, அதோடு அந்த வாடை. ஒரு சொட்டு விடாமல் குடித்துவிட்டு டம்ளரை நீட்டினேன்.

"நல்லாத்தானே இருக்கு," என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். "நீங்க பொய் சொல்லி நான் கேட்டதில்ல," என்றாள். "அப்ப என் நாக்குதான் செத்துப்போச்சு போல." பாட்டிலை அங்கேயே கீழே வைத்துவிட்டுப் போனாள். அதைக் கழுவி எடுத்து வைத்தது என் மருமகள்.

பிறகு வயல்காரர் சங்கத்தில் பேச்சு எழுந்தது. பொறிவண்டே இனி வேண்டாம், எல்லா வயலிலும் ஒரே நாளில் மருந்து அடித்து ஒழித்துவிடலாம் என்றார்கள். அதை முடிவு செய்யக் கூட்டம் வைத்தார்கள். கூட்டத்துக்கு முந்தின நாள் மதியம் மருமகள் என்னைக் குளிர் அறைக்குக் கூப்பிட்டாள். மகன் வேறு வேலையாக வெளியூர் போயிருந்தான்.

இதோ, உங்கள் மேஜையில் இருக்கிறதே, அந்தப் பெட்டியைத்தான் தட்டிலிருந்து எடுத்துத் திறந்து காட்டினாள். உள்ளே சிவப்பு முதுகு, ஏழு புள்ளி. எங்கள் வண்டு. நான் அவற்றைப் பார்த்து எவ்வளவோ காலமாகிவிட்டிருந்தது.

"ஓடைக்கரை முள்ளுப் புதர்ல மிச்சம் இருந்துச்சு மாமா. ஒண்ணொண்ணா எடுத்தேன். இத வச்சு மறுபடி ஆரம்பிக்கலாம். ஆனா நாளைக்கு மருந்து அடிக்க முடிவு பண்ணிட்டாங்கன்னா, இத எங்க கொண்டுபோய் விடுறது?"

"அதுக்கு என்னை என்ன பண்ணச் சொல்றே?"

"கெடுத்தது வேற வண்டுன்னு சொல்லணும். அது எப்படி வந்துச்சுன்னு கேப்பாங்க. அதையும் சொல்லணும்."

"எப்படி வந்துச்சு?"

அவள் கையிலிருந்த மூடியைத் திருப்பிப் பார்த்தாள். "நம்ம பழைய பெட்டி ஒண்ணோட மூடிக்கு உள்பக்கம் அந்த வெளி வண்டு உரிச்சுப்போட்ட கூட்டுத்தோல் ஒட்டியிருந்துச்சு மாமா. பார்த்து ரொம்ப நாளாச்சு. நான் யார்கிட்டயும் சொல்லல, அவர்கிட்டகூட."

என் மகனிடம்கூடச் சொல்லவில்லை என்கிறாள். அதைக் கேட்டதும் எனக்கு நிம்மதியாக இருந்தது.

"நீங்களே எழுந்து சொல்லிடுங்க. நீங்க சொன்னா அது நம்ம வீட்டுக்குக் கௌரவம் மாமா. ஒரு வருஷம் தப்பு நடந்துபோச்சு, நான்தான் காரணம்னு நீங்க சொன்னா, யாரு உங்கள என்ன சொல்லப் போறாங்க?"

"நான் சொல்லலேன்னா?"

"நான் சொல்லுவேன்," என்றாள். குரலை உயர்த்தவில்லை. அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. "எனக்கு வேற வழி தெரியல. திராட்சைத் தோட்டத்து அம்மா கொடியெல்லாம் பிடுங்கிப்போடப் போறாங்களாம். நம்ம மேல தப்ப வச்சுக்கிட்டு எப்படி மாமா சும்மா இருக்கறது?"

நம்ம மேல என்றாள். உன் மேல என்று சொல்லவில்லை. அவள் வளர்ப்பு அப்படி.

"சரிம்மா, யோசிக்கறேன்," என்றேன். பெட்டியை மூடி மறுபடி தட்டில் வைக்கத் திரும்பினாள். அது கோடியில் இருக்கும் தட்டு. நான் வெளியே வந்தேன்.

கதவருகில் நின்றேன். நல்ல வெயில். தோட்டத்தில் என் வீட்டுக்காரி துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். எங்கள் பெயரைச் சொல்லி நாளைக்குச் சங்கத்தில் நடக்கப்போகும் பேச்சு முழுவதும் எனக்குக் காதில் கேட்டது. மருந்துக் கடைச் சிரிப்பு கைகொட்டிச் சிரிப்பான். அப்பாவின் வார்த்தைகளைப் பெட்டியோடு சேர்த்துக் கொளுத்துவார்கள். இதெல்லாம் ஒரு வீட்டுக்கு எப்படிப்பட்ட சாவு என்று உங்களுக்குப் புரிய வயது போதாது.

கதவைச் சாத்தித் தாழைப் போட்டேன்.

அவள் முதலில் பயப்படவே இல்லை. காது மந்தமான கிழவனுக்குச் சொல்வதுபோல், பொறுமையாக, "மாமா, சரியா கேக்கலயா? நான் உள்ளதான் இருக்கேன்," என்றாள். இரண்டு தடவை அப்படிச் சொன்னாள். தன் குரல்தான் எட்டவில்லை என்று நினைத்திருக்கிறாள். பிறகு வெளியே இருக்கும் குளிரைக் கூட்டும் குமிழை நான் கடைசிவரை திருப்பினேன். வெகுநேரம் கஷ்டப்படக் கூடாது என்றுதான். உள்ளே விசிறியின் சத்தம் மாறியது. அதற்குப் பிறகு அவள் மாமா என்று கூப்பிடவில்லை. தட்டினாள். தடித்த கதவு, வெளியே அவ்வளவாகக் கேட்காது. நான் கொஞ்சம் தள்ளி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். அவளைத் தனியே விட்டுப் போக மனம் வரவில்லை.

இரவு சாப்பிடும்போது என் வீட்டுக்காரி கேட்டாள். "அவ எங்கங்க?"

"அம்மாவைப் பாக்கப் போயிருக்கா."

"சொல்லாமயா? செருப்பு பின்வாசல்ல கிடக்கே."

"வேற செருப்பு போட்டிருப்பா."

"அவகிட்ட ஏது வேற செருப்பு?" என்றாள். என் தட்டைப் பார்த்தாள். நான் சாப்பிட்டு முடித்தேன்.

காலையில் வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு கூட்டத்துக்குப் போனேன். முன் வரிசையில் இடம் கொடுத்தார்கள். மருமகள் பேச வேண்டுமென்று கேட்டிருந்தாளே என்று தலைவர் விசாரித்தார். அவளுக்கு உடம்பு சரியில்லை என்றேன். வண்டு வீட்டிலிருந்து ஏதாவது சொல்ல வேண்டுமா என்று மரியாதையாகக் கேட்டார். எழுந்து நின்று, ஒன்றுமில்லை என்றேன். மருந்து அடிக்க முடிவு செய்தார்கள். திரும்பி வந்தபோது என் மகன் ஊரிலிருந்து வந்து குளிர் அறைக் கதவைத் திறந்திருந்தான். அவளை மடியில் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தான். இன்றுவரை என்னோடு பேசவில்லை. பேசுவான் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை.

இந்தப் பெட்டியை அவள் தன் மேல்சட்டைக்குள் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. உறங்கும் வண்டை அந்தக் குளிர் ஒன்றும் செய்யாது என்பது என்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். கொஞ்சம் மூடியைத் திறக்கிறீர்களா? பாருங்கள், அறைச் சூட்டுக்கு எழுந்து நடக்கின்றன. என் விரலில் ஒன்று ஏறுகிறது. கடிக்கவில்லை பார்த்தீர்களா? எங்கள் வண்டு கடிக்காது.

வெளியே அந்த இரைச்சல் கேட்கிறதா? மருந்து அடிக்கும் இயந்திரம்தான். பீன்ஸ் வயலில் தொடங்கியிருப்பார்கள். இதற்காகவும்தான் ஜன்னலைத் திறக்க வேண்டாம் என்றேன். மூடியைப் போட்டுவிடுங்கள்.

அவள் உள்ளே இருப்பது தெரியாமல் தவறிச் சாத்திவிட்டேன் என்று எழுதிக்கொள்ளலாம், வயதான மனிதர், யாரும் சந்தேகப்பட மாட்டார்கள் என்று சற்றுமுன் சொன்னீர்கள். என் மேல் உள்ள மரியாதையால் சொல்கிறீர்கள். அந்த உதவி வேண்டாம். அப்படி எழுதினால் நான் குரல் கொடுக்காமல் கதவைச் சாத்தியதாக ஆகிவிடும். என் அப்பா பெயர் என்னாவது?

தாழைத் தொடும் முன் நான் நிமிர்ந்து நின்று, "உள்ளே யாரு?" என்று கேட்டேன். "நான்தான் மாமா, இருக்கேன்," என்று அவள் தெளிவாகச் சொன்னாள். அதைக் கேட்ட பிறகுதான் சாத்தினேன். எங்கள் வீட்டில் அந்த வழக்கம் ஒருநாளும் தவறியதில்லை. அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.